ரெட் நோஸ் டே: ஒரே பந்தலில் கல்யாணமும் கருமாதியும்

கேள்வி: லண்டனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிபிசியில், தொண்டுக்கு நிதி திரட்டும் ரெட் நோஸ் டே நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்த்தோம். ஆங்கிலமே தெரியாத என் மாமியார் பாதியில் அழுதுவிட்டார். ‘கோடீஸ்வரன்கள் நம்மிடம் கையேந்துகிறார்கள்’ என்று கணவர் சேனலை மாற்றினார். மகளுக்கு, அதற்காக விற்கும் கோமாளிச் சிவப்பு மூக்கு வேண்டுமாம். மறுநாள் ஆபீஸிலும் இதே மூன்று கட்சிகள். ஒரு நல்ல காரியத்துக்கு ஏன் இப்படிக் கலவையான வரவேற்பு? நாங்கள் பணம் கொடுக்கலாமா?

பதில்:

எனக்கு இதில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். 2009-லும் 2011-லும் ரெட் நோஸ் டே ராத்திரியில், அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியின் கால் சென்டரில் தன்னார்வலராக உட்கார்ந்து நன்கொடை ஃபோன் எடுத்திருக்கிறேன். பிறகு சில வருஷம் ஒரு சின்னத் தொண்டு அமைப்புக்குக் கணக்கு பார்த்தேன். அதனால் இந்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்ததைவிட அதன் பின்பக்கத்திலிருந்து பார்த்தது அதிகம்.

அந்த ராத்திரி எங்களுக்குச் சம்பளம் கிடையாது. பீட்சா உண்டு, ஆளுக்கொரு சிவப்பு மூக்கு உண்டு. மூக்கை மாட்டிக்கொண்டு ஹெட்செட்டில் பேசினால் ஜலதோஷம் பிடித்த குரல் வரும் என்பதால் பத்தே நிமிஷத்தில் எல்லா மூக்கும் மானிட்டர் மேல் ஏறிவிட்டது. சுவரில் ஒரு பெரிய டிவி. காமெடி ஸ்கிட் ஓடும்போது ஃபோன் அநேகமாக அடிக்கவே அடிக்காது. நாங்களும் சிரித்துக்கொண்டு பீட்சா சாப்பிடுவோம். அப்புறம் விளக்கு மங்கி, பியானோ மெதுவாக ஆரம்பிக்கும். ஆப்பிரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி, மலேரியா கண்ட ஒரு குழந்தை, பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் ஒரு பிரபலம். மூன்று நான்கு நிமிஷப் படம். அது முடிந்து தொகுப்பாளர் ஃபோன் நம்பரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் எல்லா லைனும் நிறைந்துவிடும். பத்து நிமிஷம் தண்ணீர் குடிக்க முடியாது. மறுபடி ஸ்கிட், மறுபடி அமைதி. ராத்திரி முழுக்க இதே அலைதான்.

2011-ல் ஓர் அம்மா, வட இங்கிலாந்து உச்சரிப்பு. பத்து பவுண்டு என்றார். கார்டு நம்பரை நிதானமாகச் சொன்னார், வரி கட்டுகிறவர்தானா என்று கேட்டதற்குப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்து நான் நன்றி சொன்ன பிறகு, “அந்தக் குழந்தையோட முகத்தை அவ்வளவு கிட்டத்துல காட்டணுமா? அதோட அம்மா இதைப் பார்த்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். பத்து பவுண்டைப் பதிவு செய்ய என் ஸ்கிரீனில் இடம் இருந்தது. அந்தக் கேள்வியைப் பதிவு செய்ய இடம் இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் அந்த ஒரு ஃபோனிலேயே இருக்கிறது. பார்வையாளர்களில் பிடித்தவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் ஒரு பக்கம் என்று இது பிரிவதில்லை. எது பர்ஸைத் திறக்க வைக்கிறதோ அதுவேதான் மனசையும் உறுத்துகிறது, பல சமயம் ஒரே ஆளுக்கு. உங்கள் வீட்டில் அது மூன்று பேராகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறீர்கள். ஜோக் ஒன்றும் புரிந்திருக்காது. படம் மட்டும் புரிந்திருக்கும், அதற்கு மொழி வேண்டாமே.

கொஞ்சம் பின்கதை. 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றி பிபிசி நிருபர் மைக்கேல் பர்க் கோரம் என்ற ஊரிலிருந்து அனுப்பிய செய்தி இந்த நாட்டை உலுக்கியது. அடுத்த வருஷம் ஜூலையில் லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி. பாடகர்கள் செய்ததை நகைச்சுவைக்காரர்களும் செய்வோம் என்று எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் நடிகர் லென்னி ஹென்றியும் ஆரம்பித்ததுதான் காமிக் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்பு. 1985 கிறிஸ்துமஸ் அன்று, சூடானில் ஓர் அகதி முகாமிலிருந்து பிபிசி நேரலையில் அதை அறிவித்தார்கள். அது நடத்திய முதல் ரெட் நோஸ் டே 1988 பிப்ரவரி 5. அந்த ஒரு தடவையே ஒன்றரைக் கோடி பவுண்டு சேர்ந்தது. 2015-ல், முப்பது வருஷ மொத்தம் நூறு கோடி பவுண்டைத் தாண்டியது.

சாவைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வைப்பது என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே இவர்களுடைய சூத்திரம். ஒரே பந்தலில் கல்யாணமும் கருமாதியும். நாதஸ்வரம் வாசித்த கையோடு ஒப்பாரி, ஒப்பாரி முடிந்ததும் மறுபடி நாதஸ்வரம். நம் ஊரில் இப்படி ஒரு பந்தல் போட்டால் உறவுக்காரர்கள் என்ன பேசுவார்களோ அதைத்தான் இங்கேயும் பேசுகிறார்கள்.

காமெடி பற்றிய புகார்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வருஷத்துக்கு வருஷம் சிரிப்பு குறைகிறது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். பழைய நல்லதுகள் மட்டும் நினைவில் நிற்பதால் வருவது இது. 2005-ல் நகைச்சுவைக்காரர் பீட்டர் கே ‘அமரில்லோ’ பாட்டுக்கு வாயசைத்தது பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, 2007-ல் பிரதமர் டோனி பிளேர் நகைச்சுவை நடிகை கேதரின் டேட்டோடு ஸ்கிட்டில் நடித்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே ராத்திரிகளில் ஓடிய இருபது சொதப்பல் ஸ்கிட்டுகளை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. நேரலையில் மணிக்கணக்கில் சிரிக்க வைக்க யாராலும் முடியாது.

உங்கள் கணவரின் புகார் கனமானது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்களே, அதுதான். பல லட்சம் பவுண்டு சம்பாதிக்கிற ஒருவர், மின்சார பில்லைப் பார்த்துப் பயப்படுகிற ஒருவரிடம், “ஐந்து பவுண்டுதானே” என்று சொல்லும்போது எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் கால் சென்டரில் இன்னொன்றும் கவனித்தேன். பிரபலங்கள் உடம்பை வருத்திச் செய்கிற காரியங்கள் மீது யாருக்கும் இந்த எரிச்சல் வருவதில்லை. 2009-ல் பாடகர் கேரி பார்லோ, பாடகி ஷெரில் கோல் என ஒன்பது பேர் கிளிமஞ்சாரோ மலை ஏறினார்கள். அதே வருஷம் ரெட் நோஸ் டேயின் சகோதர நிகழ்ச்சியான ஸ்போர்ட் ரிலீஃபுக்காக நகைச்சுவைக் கலைஞர் எடி இஸார்ட் 51 நாளில் 43 மாரத்தான் ஓடி முடித்தார். கால் நகம் கழன்று, மூச்சு வாங்கி, கேமரா முன்னால் கெட்ட வார்த்தை சொன்ன ஆட்களைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தவர்கள், ‘நீ ஏன் உன் காசைக் கொடுக்கவில்லை’ என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. காவடி எடுப்பவனிடம் யாரும் சம்பள விவரம் கேட்பதில்லை. கொடுப்பவர்களுக்கு எதிராளியும் ஏதோ ஒன்றை இழக்கிறான் என்று கண்ணில் பட வேண்டும். பணமாகத்தான் என்று இல்லை.

சரி, பணமாகவே கொடுத்தால்? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 2017 நிகழ்ச்சிக்காகப் பாடகர் எட் ஷீரன் லைபீரியாவுக்குப் போனார். மன்ரோவியா கடற்கரையில், பழைய படகுகளில் படுத்துத் தூங்கும் சிறுவர்களைச் சந்தித்தார். இவர்களை இப்படியே விட்டுவிட்டு என்னால் போக முடியாது, ஒரு வீட்டில் தங்க வைக்கலாம், எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன் என்று கேமரா ஓடும்போதே சொன்னார். உங்கள் கணவர் கேட்டது இதைத்தான். அந்தப் படத்துக்கு என்ன கிடைத்தது தெரியுமா? நார்வே மாணவர்களின் உதவி அமைப்பான சைஹ், தொண்டு விளம்பரங்களில் மிக மோசமானவற்றுக்குத் தரும் ‘துருப்பிடித்த ரேடியேட்டர்’ விருது. ஷீரனின் மனசைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமில்லை. கதாநாயகன் வந்தான், சில பேரைக் காப்பாற்றினான் என்று கதை அவரைச் சுற்றியே முடிந்துவிடுகிறது, அந்தத் தெருவில் ஏன் அத்தனை பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்ற கேள்வி எழவே இல்லை, லைபீரியாவில் இதற்காக வேலை செய்கிற லைபீரியர் ஒருவரும் நம் மனதில் நிற்கவில்லை என்பதுதான் விமர்சனம். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. விமர்சனத்தைப் படித்தபோது அதுவும் சரி என்றுதான் பட்டது. ஷீரனுக்கே பிற்பாடு ஏதோ மாறியிருக்க வேண்டும். 2024-ல், எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடகர்கள் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் பாட்டின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் தன் பழைய குரலைச் சேர்த்தபோது, என்னைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 2019 பிப்ரவரியில். ஸ்டேசி டூலி என்ற ஆவணப்பட நிருபர், காமிக் ரிலீஃபுக்காக உகாண்டா போனபோது, அங்கே ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். டாட்டன்ஹாம் தொகுதியின் கறுப்பின எம்.பி. டேவிட் லாமி, பிற்பாடு வெளியுறவு அமைச்சரானவர், உலகத்துக்கு இனி வெள்ளைக்கார ரட்சகர்கள் தேவையில்லை என்று ட்விட்டரில் எழுதினார். நான் வெள்ளைக்காரி என்பதுதான் பிரச்சினையா என்று டூலி திருப்பிக் கேட்டார். பத்து நாள் நாடே இரண்டுபட்டது. அடுத்த மாதம் நிகழ்ச்சி ராத்திரியில் சேர்ந்தது ஆறு கோடியே முப்பது லட்சம் பவுண்டு சொச்சம். 2017-ஐவிடச் சுமார் எண்பது லட்சம் குறைவு. ‘லாமியால்தான் குழந்தைகளுக்குப் போக வேண்டிய பணம் போச்சு’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இது அநியாயம் என்பேன். டிவி பார்ப்பவர்களின் எண்ணிக்கையே அப்போது சரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று, காமிக் ரிலீஃபை ஆரம்பித்த இருவரில் ஒருவரான லென்னி ஹென்றி ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன். இதை வெறும் வெள்ளை, கறுப்புத் தகராறாகப் பார்த்தால் பாதிதான் புரியும்.

கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது இந்த வாதங்களில் பெரும்பாலும் கேட்காமல் போகும். அதைப் பிரிட்டன் ஒருதரம் சத்தமாகவே கேட்டது. ஐடிவி சேனல் 1988, 1990, 1992 ஆகிய வருஷங்களில் 27 மணி நேரம் ஓடும் ‘டெலித்தான்’ நடத்தியது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிதி திரட்டலும் உண்டு. 1990-லும் 1992-லும் அதே மாற்றுத்திறனாளிகள் லண்டன் தேம்ஸ் கரையில் ஸ்டுடியோ வாசலில் திரண்டு, உள்ளே போகும் பிரபலங்களைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் இளஞ்சிவப்பு எழுத்தில் அவர்கள் போட்டிருந்த வாசகத்தை நாகரிகமாகத் தமிழில் எழுத முடியாது. உங்கள் பரிதாபத்தின் மேல் மூத்திரம் பெய்கிறோம் என்று அர்த்தம். பஸ்ஸில் ஏறச் சாய்தளம் வேண்டும், வேலை கொடுக்க மறுப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை, டிவி ‘பாவம்’ என்று காட்டிக்கொண்டிருந்தது. 1992-க்குப் பிறகு ஐடிவி டெலித்தான் நடத்தவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1995-ல் வந்தது.

பணம் எங்கே போகிறது என்ற சந்தேகமும் உங்கள் ஆபீஸில் நிச்சயம் வந்திருக்கும். இதில் கணக்குப்பிள்ளை என்ற முறையில் ஒரு வார்த்தை. காமிக் ரிலீஃப் பல வருஷமாக ‘தங்கப் பவுண்டு’ என்று ஒரு வாக்குறுதி வைத்திருந்தது: நீங்கள் தரும் பவுண்டு முழுசாக உதவிக்கே போகும், ஆபீஸ் செலவுக்கு அதைத் தொட மாட்டோம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஊழியர் சம்பளமும் வாடகையும் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே? கம்பெனிகள் தரும் ஸ்பான்சர் பணத்திலிருந்தும், முதலீட்டு வருமானத்திலிருந்தும் வந்தது. மானியங்களை ஒரே நாளில் கொட்டிவிட மாட்டார்கள், சில வருஷத் தவணையாகத்தான் கொடுப்பார்கள். அதுவரை கோடிக்கணக்கான பவுண்டு எங்கேயாவது இருக்க வேண்டும். அதை முதலீட்டு நிதிகளில் போட்டார்கள். அந்த நிதிகள் எதெதில் பங்கு வாங்கியிருந்தன என்று 2013 டிசம்பரில் பிபிசியின் சொந்த நிகழ்ச்சியான ‘பனோரமா’வே தோண்டி எடுத்தது: சிகரெட் கம்பெனி, சாராயக் கம்பெனி, ஆயுதம் செய்யும் பிஏஇ சிஸ்டம்ஸ். காசநோய்க்கும் போருக்கும் எதிராகத் திரட்டிய பணம் புகையிலையிலும் ஆயுதத்திலும் இருந்தது. யாரும் திருடவில்லை, சட்டத்தை மீறவும் இல்லை. செலவே இல்லாமல் தொண்டு நடக்கும் என்று ஜனங்களை நம்ப வைத்ததற்குக் கொடுத்த விலை அது. அடுத்த வருஷமே அந்த மூன்று துறைகளிலும் முதலீடு செய்ய மாட்டோம் என்று கொள்கையை மாற்றினார்கள். ஆனாலும் நான் ஃபோன் எடுத்த காலத்துப் பணம் அது என்பது எனக்கு இன்னும் கசக்கிறது. ஒரு தொண்டு அமைப்பு ‘ஆபீஸ் செலவுக்கு இத்தனை பென்ஸ் எடுத்துக்கொள்கிறோம்’ என்று நேராகச் சொன்னால் அதை நான் இன்னும் அதிகம் நம்புவேன்.

2020 அக்டோபரில் இனி ஆப்பிரிக்காவுக்குப் பிரபலங்களை அனுப்பிப் படம் எடுப்பதில்லை என்று காமிக் ரிலீஃப் அறிவித்தது. அந்தந்த ஊர்ப் படப்பிடிப்பாளர்களே எடுப்பார்கள், அந்த ஊர்க்காரர்களே பேசுவார்கள். 2021 முதல் அப்படித்தான். நான் பார்த்தவரை படங்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன. ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். ஆனால் வசூல்? ராத்திரி முடிவில் அறிவித்த தொகை 2021-ல் ஐந்து கோடியே இருபது லட்சம், 2022-ல் நான்கு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்குக் கிட்ட, 2025-ல் மூன்று கோடியே நாற்பது லட்சம். 2011-ல், நான் ஃபோன் எடுத்த ராத்திரியிலேயே ஏழு கோடியே நாற்பது லட்சம், பிற்பாடு எல்லாம் சேர்ந்து பத்து கோடியே எண்பது லட்சம். இதில் நியாயமாகக் கழிக்க வேண்டியவை உண்டு. அப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்தது, இப்போது வருஷா வருஷம். விலைவாசி ஏறிக் கிடக்கிறது, இளைஞர்கள் டிவியே பார்ப்பதில்லை. இருந்தாலும், பியானோவும் கிட்டத்து முகமும் போனதால் கொஞ்சம் பணம் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த அலையைக் கண்ணால் பார்த்தவன் அது இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வட இங்கிலாந்து அம்மா கேட்டது நடந்துவிட்டது. இப்போது அவர் ஃபோன் செய்வாரா என்பது வேறு விஷயம்.

நட்சத்திரங்களும் ஸ்கிட்டும் இல்லாவிட்டால் ஜனங்கள் கொடுக்கவே மாட்டார்களா என்று கேட்டால், அப்படியும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பெரிய தொண்டு அமைப்புகள் சேர்ந்து டிஇசி என்ற பெயரில் வைத்த வேண்டுகோளுக்கு இந்த நாடு 39 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்தப் பணம் இலங்கைக்கும் போனது. செய்தியில் பார்த்தார்கள், கொடுத்தார்கள். ஆனால் சுனாமி ஒரு நாளில் வந்தது. மலேரியாவும் வீட்டு வன்முறையும் தினமும் நடப்பவை, அவை செய்தியில் வராது. அவற்றுக்கு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியைப் பிடித்து வைத்திருப்பதற்குத்தான் பிரபலங்கள் தேவைப்படுகிறார்கள்.

நீங்கள் கொடுக்கலாமா? கொடுக்கலாம். பணத்தின் ஒரு பகுதி பிரிட்டனுக்குள்ளேயே செலவாகிறது என்பதை, ‘நம் பணம் ஏன் வெளியே போக வேண்டும்’ கட்சிக்காரர்களிடம் சொல்லுங்கள். மகளுக்கு மூக்கு வாங்கிக் கொடுங்கள். 2021-ல் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு அதைக் கரும்புச் சக்கையில் செய்தார்கள். பள்ளியில் எப்படியும் சிவப்பு உடையும் ஒரு பவுண்டும் கேட்டுக் கடிதம் வரும், முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அது பையிலிருந்து வெளியே வரும்.

மாமியார் தன் கைக்காசிலிருந்து தர ஆசைப்பட்டால் தரட்டும். பெரிய தொகையாக இருந்தால் உங்கள் கணவர் தன் பணத்தில், தன் கார்டிலேயே கொடுக்கட்டும். வருமான வரி கட்டுகிறவர் ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் டிக் அடித்தால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கம் கூடச் சேர்த்துத் தரும். வரி கட்டாத மாமியாரின் கண்ணீருக்கு அது கிடையாது. சேனலை மாற்றியவருக்கு உண்டு.